மாதா மாதம் தவறாமல் கட்டுகிறார், அப்புறம் எதற்குப் பயம்?

மலர்_சுங்கை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். விஷயம் என் அண்ணனைப் பற்றியது. வயது 38, லிந்தாங் போகும் வழியில் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி (ரிங்கிட்). ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நிறைய கிடைக்கும் மாதத்தில் பிடித்தம் போகக் கையில் 2,700 வரும். அண்ணி வேலைக்குப் போகவில்லை. இரண்டு பிள்ளைகள், இருவரும் தமிழ்ப்பள்ளியில்.

போன வாரம் ஒரு பாரத்தை (விண்ணப்பப் படிவத்தை) நிரப்பித் தரச் சொல்லி வந்தார். அப்போதுதான் அவருடைய தவணைகளை ஒன்றாகப் பார்த்தேன். காடிக்கு (காருக்கு) 540. பேங்க் பர்சனல் லோன் 430. இரண்டு கிரெடிட் கார்டு: ஒன்றில் 4,800 நிற்கிறது, இன்னொன்றில் 3,900. குறைந்தபட்சத் தொகையாக 240, 195 கட்டுகிறார். கைப்பேசியில் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" வகையில் மாதம் 280. வீட்டு வாடகை 350 தனி.

எதிலும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லையாம். "ஒரு லெட்டர் வந்திருக்கா? ஒருத்தன் வாசல்ல வந்து நின்னிருக்கானா? அப்புறம் என்ன?" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் வயிற்றைப் பிசைகிறது. கடன் கைமீறிப் போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்வது? லெட்டர் வந்த பிறகுதானா?

ராத்திரி_ஷிப்ட்

தங்கச்சி, உங்கள் அண்ணன் மாதிரி ஆட்களை வைத்துத்தான் இங்கே பாதி ஆலை ஓடுகிறது. கடன் இல்லாத ஆளை நான் ஷிப்டில் பார்த்ததில்லை. குடிக்காமல், நான்கு நம்பர் லாட்டரி வாங்காமல், பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு, தவணையும் கட்டுகிறவரைப் போய்க் கேள்வி கேட்டால் மனுஷனுக்குக் கோபம்தான் வரும். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் கைப்பேசிக் கடன் முடியும், அப்புறம் லோன் முடியும். பயப்படாதீர்கள்.

கிராணி_மகன்

அண்ணே, கூட்டிப் பார்த்தீர்களா? கடன் மட்டும் 1,685. வாடகையோடு 2,035. 2,700 வந்தால் மிச்சம் 665. நான்கு பேர் சாப்பாடு, பெட்ரோல், கரண்ட், தண்ணீர், பள்ளிக்கூட வேன், டாப்-அப் எல்லாம் அதற்குள்.

அதைக்கூட விடுங்கள். அந்த 2,700ஐத்தான் நான் நம்பவில்லை. ஆலை ஆபிசில் சம்பளக் கணக்குப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். செப்டம்பர், அக்டோபரை ஒட்டிச் செம்பனைப் பழம் வந்து குவியும். லாரி வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும், ஓ.டி. வேண்டாம் என்றாலும் விட மாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் வரத்து விழுந்துவிடும். அப்போது 1,900இல் இ.பி.எப். சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 209 போகும். சொக்சோ காப்புறுதிக்குக் கொஞ்சம் போகும். கையில் 1,680 அளவுதான். ஓ.டி. ஒரு 200 என்று வைத்தாலும் 1,880. கட்ட வேண்டியது 2,035!

லோன் எடுக்கும்போது காட்டிய சம்பளச் சீட்டு எந்த மாதங்களுடையது என்று அண்ணனிடம் கேளுங்கள் அக்கா. பழம் கொட்டிய மாதங்களின் சீட்டாக இருக்கும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள், இதுதான் முக்கியம். பிப்ரவரியில் பற்றாக்குறை வந்திருக்கும், ஆனால் அவர் எதையும் தவறவிடவில்லை. அப்படியானால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

மலர்_சுங்கை

கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: சம்பளம் போட்டதும் முதல் வேலையாக இரண்டு கார்டுக்கும் 435 கட்டிவிடுகிறார். இரண்டாவது வாரமே பேரங்காடியில் அதே கார்டைத் தேய்த்து அரிசி, மைலோ, பெம்பர்ஸ் (சின்னவனுக்கு இன்னும் இரவில் தேவை) வாங்குகிறார். இ.பி.எப்.பில் 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு திறந்தார்களே, அதில் 50 வெள்ளி சேர்ந்ததும் எடுத்துவிடுகிறாராம். 50க்குக் குறைவாக எடுக்க முடியாது என்பதால் காத்திருந்து எடுக்கிறாராம். இதைப் பெருமையாகவே சொன்னார்.

ஈப்போ_அக்கா

பேங்கில் கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்சத் தொகை என்பது நிலுவையில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு. தவறத் தவற 17, 18 என்று ஏறும். உங்கள் அண்ணன் 15இல்தான் இருப்பார். 4,800க்கு மாத வட்டி 60. அவர் கட்டும் 240இல் 180 வெள்ளிதான் அசலில் கழிகிறது. அதே மாதத்தில் அந்தக் கார்டில் 200 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் அசல் 20 வெள்ளி கூடிவிட்டது. தவறாமல் கட்டியும் கடன் வளர்ந்திருக்கிறது. அவர் கட்டவே இல்லை, பணத்தைச் சுற்றி விடுகிறார், அவ்வளவுதான்.

"லெட்டர் வரவில்லையே" என்பதை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். பேங்க் நெகாராவின் (நாட்டின் மத்திய வங்கி) சி.சி.ரிஸ் என்ற கடன் விவர அறிக்கையில் கடைசி 12 மாதத்துக்கு எத்தனை தவணை பாக்கி என்று எண் போட்டிருக்கும். பாக்கி இல்லை என்றால் 0. வரிசையாக 0, 0, 0 என்று அழகாக இருக்கும் ஆளுடைய அறிக்கை அடுத்த மூன்றே மாதத்தில் 1, 2, 3 என்று எல்லாக் கடனிலும் ஒரே நேரத்தில் ஏறுவதை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அந்த மூன்று மாதத்தில் மூழ்கியவர்கள் இல்லை. கார்டின் வரம்பு முடிந்துபோனது, சுற்றிவிட இடம் இல்லை, அதனால் வெளியே தெரிந்தது. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளிக்குள் இருப்பவருக்கு இரண்டு நிறுவனங்களின் கார்டுதான் தருவார்கள், ஒவ்வொன்றிலும் மாத வருமானத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வரம்பு தரமாட்டார்கள். உங்கள் அண்ணனுக்கு அந்த வரம்பு அநேகமாக நெருங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், ஒரு கடனின் தவணையைக் கட்ட இன்னொரு கடன் தேவைப்பட்ட மாதமே கைமீறிய மாதம். லெட்டர் பிறகு வரும்.

பழைய_தண்டல்

அம்மா மலர், நான் இன்னொரு அடையாளம் சொல்கிறேன். உங்கள் அண்ணன் எந்தக் கடனை முதலில் கட்டுகிறார், எதைக் கடைசியில் கட்டுகிறார் என்று பாருங்கள்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் கடைப் பற்று எல்லோருக்கும் இருந்தது. சம்பளத்தன்று கடைக்காரர் புத்தகத்தோடு வந்து நிற்பார். அவரைத் தவிர்க்க முடியாது, அதனால் அவருக்கு முதலில் கொடுப்போம். மிச்சத்தில்தான் வீடு. இன்றைக்கும் பலர் அப்படியே கட்டுகிறார்கள். எவன் வாசலுக்கு வந்து கத்துவானோ அவனுக்கு முதல் பணம். போனில் மட்டும் திட்டுகிறவனுக்கு அடுத்தது. லெட்டர் மட்டும் போடுகிறவனுக்குக் கடைசி. எதற்கு வட்டி அதிகம், எதை விட்டால் காடி போகும், எதை விட்டால் வீடு போகும் என்று யாரும் வரிசை போடுவதில்லை. பயம்தான் வரிசை போடுகிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் தொகை 5,000 ஆனாலும் 50,000 ஆனாலும் கைமீறியதுதான். கணக்குப் போடும் புத்தி அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம்.

வீட்டில் யாருக்குத் தெரியாது என்பதையும் பாருங்கள். மனைவிக்குத் தெரியாத கடன் ஒன்றாவது இருக்கும்.

கம்பார்_தம்பி

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். முகநூலில் ஓர் ஏஜெண்ட் இருக்கிறார், எல்லாக் கடனையும் ஒரே கடனாக்கித் தருகிறார். சிடோஸில் (கடன் தகவல் நிறுவனம்) பெயர் கெட்டிருந்தாலும் "கிளியர்" பண்ணித் தருவாராம். 800 வெள்ளி முன்பணம்தான். நம்பர் வேண்டுமா அக்கா?

ஈப்போ_அக்கா

வேண்டாம் தம்பி. முன்பணம் கேட்டாலே ஓடிவிட வேண்டும். சி.சி.ரிஸில் இருப்பதைக் காசு வாங்கிக்கொண்டு எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது. அது பேங்க் அனுப்பும் தகவல். நீங்களும் அவருக்குப் பணம் கட்டியிருக்காதீர்கள்.

கம்பார்_தம்பி

இன்னும் கட்டவில்லை. சரி.

மலர்_சுங்கை

முதல் பதிவில் ஒன்றை எழுதவில்லை. அண்ணன் நிரப்பச் சொன்ன பாரம் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு. 30,000 வெள்ளி. "எல்லாத்தையும் அடைச்சிட்டு ஒரே தவணையா கட்டிடுறேன்" என்கிறார். ஜாமீன் இடத்தில் என் பெயர். நான் பள்ளிக்கூட ஆபிசில் நிரந்தர வேலையில் இருக்கிறேன், அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சட்டம்_கொஞ்சம்

ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபிசில் குமாஸ்தா. பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் பாரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

2017இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது ஜாமீன்காரர்களுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முழுப் பாதுகாப்பு, லாப நோக்கம் இல்லாமல் ஒருவரின் படிப்புக் கடனுக்கும் சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் ஜாமீன் போட்டவருக்குத்தான். பழைய கடனை அடைக்க எடுக்கும் கடன் அதில் வராது. மற்ற ஜாமீன்காரரைத் திவாலாக்க வேண்டுமானால், கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் வசூலிக்கப் பார்த்துவிட்டு நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். ஆனால் பணம் கேட்டு உங்கள் மேல் வழக்குப் போட அது தடை இல்லை. ஜாமீன்காரரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று பாரத்தில் எங்காவது வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணனைத் "திவாலாகிவிடுவாய்" என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். முன்பு 30,000ஆக இருந்த வரம்பு 2017இல் 50,000 ஆகி, 2020இல் ஒரு லட்சம் வெள்ளி ஆனது. அதற்குக் கீழே திவால் வழக்கு இல்லை. கடன் கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போடுவதும் இல்லை.

கிராணி_மகன்

அக்கா, அந்த 30,000 எனக்கு இடிக்கிறது. கார்டு இரண்டும் சேர்த்து 8,700. லோன் நிலுவை எவ்வளவு, கைப்பேசிக் கடன் எவ்வளவு?

மலர்_சுங்கை

லோன் ஏறக்குறைய 17,000. கைப்பேசி 1,500. காடிக் கடன் அப்படியே தொடருமாம்.

கிராணி_மகன்

27,200. மிச்சம் 2,800 யாருக்கு?

ராத்திரி_ஷிப்ட்

தங்கச்சி, தம்பி கேட்பது நியாயமான கேள்வி. நான் முதலில் எழுதியதை விட்டுவிடுங்கள். அண்ணனுடைய பர்சை ஒரு தடவை பாருங்கள். ஏ.டி.எம். கார்டு அதில் இருக்கிறதா?

மலர்_சுங்கை

இல்லை.

நேற்று இரவு உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. போன பிப்ரவரியில் ஒருவரிடம் 1,500 வாங்கியிருக்கிறார். கையில் கொடுத்தது 1,200. 300ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். வாரம் 150 வட்டி. அது வட்டி மட்டும், அசல் அப்படியே. ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் அந்த ஆளிடம் இருக்கின்றன. சம்பளம் விழுந்ததும் அவன் 600 எடுத்துக்கொண்டுதான் அண்ணன் தன் கைப்பேசியில் மிச்சத்தை மாற்றிக்கொள்கிறார். நடுவில் ஒரு மாதம் பிந்தியதற்கு அபராதம் போட்டு இப்போது 2,800 என்கிறானாம். அண்ணிக்குத் தெரியாது.

அப்படியென்றால் நீங்கள் கூட்டிய மிச்சம் 665இல் 600 அங்கே போகிறது.

பழைய_தண்டல்

வட்டி முதலை (உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவன்) வீட்டுக்குள் வந்தாயிற்று. இனி "கைமீறியதா" என்று கேட்க வேண்டியதில்லை அம்மா.

சட்டம்_கொஞ்சம்

உரிமம் உள்ள வட்டிக் கடைக்கே சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானம் இருந்தால் 12. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். இந்த ஆள் வாரத்துக்கே 10 விழுக்காடு வாங்குகிறார். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விட்டால் குறைந்தது இரண்டரை லட்சம் வெள்ளி அபராதம், பத்து லட்சம் வரை போகலாம்; 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. போலீஸ் புகார் கொடுங்கள்.

ஏ.டி.எம். கார்டு விஷயம் அதைவிட அவசரம். அந்தக் கணக்கில் வேறு யாரையாவது ஏமாற்றிய பணத்தைப் போட்டு எடுத்தால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். இன்றே பேங்குக்குப் போன் போட்டுக் கார்டை முடக்கச் சொல்லுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்

புகார் கொடு என்று சொல்வது சுலபம். கார்டை முடக்கிய மறுநாள் கேட்டில் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள், பூட்டுப் போட்டுச் சங்கிலி கட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு. அசலை எப்படியாவது புரட்டி முகத்தில் எறிந்துவிட்டு விலகுவதுதான் நான் பார்த்த வழி.

ஈப்போ_அக்கா

இரண்டையும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. புகார் கொடுக்காமல் அசலை மட்டும் கொடுத்தால் இன்னும் 1,000 பாக்கி என்பார்கள். புகார் நகல் கையில் இருந்தால் பேசுகிற குரலே மாறும். ஆலை ஆபிசில் சொல்லிச் சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றுங்கள், சம்பள நாளுக்கு முன்பே. மலர், உங்களால் முடிந்த உதவி இங்கேதான். 1,500ஐ உங்கள் கையிருப்பில் இருந்து கொடுப்பது வேறு, 30,000க்குக் கையெழுத்துப் போடுவது வேறு. முதலாவது போனால் போன பணம். இரண்டாவது உங்கள் சம்பளத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பேங்க் கடன்களுக்கு ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. 2006இல் பேங்க் நெகாரா தொடங்கியது, காசு வாங்க மாட்டார்கள். வருமானத்தையும் வீட்டுச் செலவையும் வைத்துக் கணக்குப் போட்டு, பேங்குகளோடு பேசி, தவணைக் காலத்தை நீட்டி, மாதம் ஒரே தொகையாகக் கட்ட ஏற்பாடு செய்வார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது, கார்டு போய்விடும். அண்ணனுக்கு அது தண்டனையாகத் தெரியலாம், ஆனால் அவருக்குத் தேவையே அதுதான். வீட்டுச் செலவு போக ஏதாவது மிஞ்சினால்தான் திட்டம் போட முடியும். ஒன்றுமே மிஞ்சாத நிலைக்குப் போன பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். வட்டி முதலைக் கடனை ஏ.கே.பி.கே. தொடாது, அதனால் அதை முதலில் வெட்டுங்கள். பேசும்போது 2,700 என்று சொல்லாதீர்கள், பழம் குறைந்த மாதத்துச் சம்பளத்தைச் சொல்லுங்கள்.

கம்பார்_தம்பி

காடியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களா? அவர் வேலைக்குப் போக அதுதானே இருக்கும்?

சட்டம்_கொஞ்சம்

தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகு எழுத்தில் 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இழுக்கலாம். நான்கில் மூன்று பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அவர் இன்னும் ஒன்றுகூடத் தவறவில்லை, நேரம் இருக்கிறது.

மலர்_சுங்கை

எல்லோருக்கும் நன்றி. கார்டை முடக்கிவிட்டோம். புகாரும் கொடுத்தாயிற்று, ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். சம்பளக் கணக்கை மாற்ற ஆலை ஆபிஸ் கிராணி (குமாஸ்தா) பாரம் கொடுத்திருக்கிறார். ஜாமீன் பாரத்தை நான் நிரப்பவில்லை; அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சி.சி.ரிஸ் அறிக்கையை எடுக்கச் சம்மதித்திருக்கிறார். ஏ.கே.பி.கே.யின் ஈப்போ அலுவலகத்துக்கு அடுத்த வாரம் ஓய்வு நாளில் வருகிறேன் என்கிறார். ஒரே நிபந்தனை, அண்ணியிடம் சொல்லக் கூடாதாம்.

ராத்திரி_ஷிப்ட்

அதை ஒத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. மனுஷன் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. அண்ணியிடம் மெதுவாக அவரே சொல்லட்டும்.

பழைய_தண்டல்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வீட்டின் அரிசி, பருப்புக் கணக்கு அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது. வீட்டுச் செலவு எவ்வளவு என்று ஏ.கே.பி.கே.யில் கேட்டால் உங்கள் அண்ணன் என்ன சொல்வார்? அடிக்கப் போகிற பெயிண்ட் யார் கண்ணில் முதலில் படும்?

கிராணி_மகன்

அண்ணியிடம் கேட்க வேண்டிய காரணம் இன்னொன்றும் இருக்கிறது. பட்டியலில் அடகுச் சீட்டு ஒன்றுகூட இல்லையே? நம் ஊரில் அதைக் கடன் என்று யாரும் எண்ணுவதில்லை, நகை வீட்டில் இல்லை என்று மட்டும்தான் நினைப்பார்கள்.

மலர்_சுங்கை

இருக்கிறது. அண்ணியின் சங்கிலியும் பெரியவளின் வளையலும். 6,000க்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கிறார்கள். இது அண்ணிக்குத் தெரியும், அவர்தான் கடைக்குப் போகிறார்.

கிராணி_மகன்

மாதம் 2 விழுக்காடு என்றால் 120 வெள்ளி, ஆண்டுக்கு 1,440. கார்டு வட்டி 15 விழுக்காடு, இது 24. ஈப்போவுக்குப் போகும்போது இந்தச் சீட்டும் பையில் இருக்கட்டும். அடையாள அட்டை, கடைசி சில மாதத்துச் சம்பளச் சீட்டு, எல்லாக் கடனுக்கும் ஸ்டேட்மென்ட், கரண்ட், தண்ணீர் பில். சம்பளச் சீட்டில் பிப்ரவரி மாதத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடகுச் சீட்டின் கெடு எப்போது என்று அண்ணியிடம் இன்றே கேளுங்கள் அக்கா, அது முந்திக்கொண்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.